ஏலக்காட்டில் ஒரு கேமீலியா

போடியில் இருந்து மலையேறி ஏலம் பார்க்கிறவர்களிடம் "வீட்டுக்கு முன்னாடி கேமீலியா வச்சிருக்கேன்" என்று சொன்னால், "அது கிலோ என்ன விலைக்குப் போகுது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒரு விலைக்கும் போகாது. தலையில் வைக்க முடியாது, காம்பு கிடையாது, வாசமும் பெரிசாக இல்லை. சாமிக்குப் போடலாம் என்றால் தொட்ட இடமெல்லாம் பழுப்பாகிவிடும். மார்கழி, தை மாதத்தில் ரோஜாவைத் தோற்கடிக்கிற மாதிரி இளஞ்சிவப்பில் அடுக்கடுக்காகப் பூத்து நிற்கும். அவ்வளவுதான் அது செய்கிற வேலை.

எங்க ஏலத்தோட்டம் போடிமெட்டு தாண்டி, பூப்பாறை போகிற பக்கம், சுமாராக 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கு. ரெண்டு ஏக்கர்தான். கீழே போடியில் சித்திரை வெயில் கொளுத்துகிற அன்றைக்கும், 17 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் இங்கே சட்டைக்கு மேல் ஒரு துண்டு போர்த்தலாம். அந்த நெனப்பில்தான் 2019 மே மாதம் ஊட்டிக்குப் போனபோது ஒரு நர்சரியில் இந்தச் செடியை வாங்கினேன். முழங்கால் உயரம். பையில் கட்டியிருந்த அட்டையில் "கேமீலியா ஹைபிரிட்" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ரகம் என்று கேட்டதற்கு நர்சரிக்காரர், "பிங்க் சார்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து இறக்கியதும் எங்கம்மாதான் முதலில் கிட்டே வந்தார்கள். எழுபது வயசுக்குப் பக்கம். இலையை ரெண்டு விரலால் தடவினார்கள், திருப்பிப் பார்த்தார்கள், ஓரத்துப் பல்லை நகத்தால் வருடினார்கள்.

"ஏப்பா, இது தேயிலைதானே? இதுக்கா காசு குடுத்த?"

முப்பத்தோரு வருசம் கொழுந்து எடுத்த கை அது. அந்தக் கைக்குப் பொய் சொல்ல முடியாது. தாவர சாஸ்திரமும் அதையேதான் சொல்கிறது. தேயிலையின் முழுப்பெயர் கேமீலியா சைனென்சிஸ். லின்னேயஸ் 1753-இல் தேயிலையை 'தேயா' என்று தனிப் பேரினமாகத்தான் எழுதி வைத்தார். அப்புறம்தான் ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சேர்த்தார்கள். கேமீலியா என்கிற பேரே ஜார்ஜ் யோசப் காமெல் என்ற யேசு சபைச் சகோதரருடைய பேர். மணிலாவில் மருந்துக்கடை வைத்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். பிலிப்பைன்ஸ் செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதினதெல்லாம் நம்ம மெட்ராஸ் கோட்டையில் இருந்த ஆங்கிலேய வைத்தியர்கள் கை மாறித்தான் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தச் செடிக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்போதே ஒரு சுற்றுவழிச் சொந்தம் இருந்திருக்கிறது.

ஹைபிரிட் என்றால் நம்ம ஆட்களுக்கு மக்காச்சோளமும் தக்காளியும்தான் ஞாபகம் வரும். வருசா வருசம் விதை வாங்கணும், எடுத்து வைத்த விதை சரியாக வராது. கேமீலியாவிலும் அதே கதைதான், ஆனால் விதைக்காக யாரும் காத்திருப்பதில்லை. குச்சி வெட்டி வைத்தால் தாய் எப்படியோ பிள்ளை அப்படியே. இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் ஜே.சி. வில்லியம்ஸ் என்ற தோட்டக்காரர் 1920-களில் சீனாவின் யுன்னான் மலையில் இருந்து வந்த ஒரு காட்டுக் கேமீலியாவை ஜப்பான் கேமீலியாவோடு சேர்த்தார். அந்த வம்சத்துக்கு வில்லியம்சி என்று பேர். அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு. பூ வாடினால் தானே உதிர்ந்துவிடும். ஜப்பான் ரகங்கள் பலதில் வாடின பூ பழுப்பு நிறத்தில் செடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றாக நாமதான் கிள்ளிப் போடணும். எங்க செடி தானாக உதிர்க்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் தரையில் முழுப்பூவாக விழுந்து கிடக்கும். அதை வைத்துத்தான் இது வில்லியம்சி வகையாக இருக்கும் என்று நெனைச்சிருக்கிறேன். அட்டை எதுவும் சொல்லவில்லை.

தேயிலையும் கலப்புதான், அதைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. சீனத்துச் சின்ன இலை ஒரு சாதி, அஸ்ஸாமின் பெரிய இலை இன்னொரு சாதி. தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்வது ரொம்ப அபூர்வம், பக்கத்துச் செடியோடதுதான் வேணும். அதனால் விதையில் வளர்ந்த பழைய தோட்டத்தில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு கலவை. மூணாறு மலையில் 1880-இல் பார்வதி எஸ்டேட்டில் முதன்முதலாகத் தேயிலை வைத்தார்கள். அதற்கப்புறம் இந்த மலைத்தொடரில் வைத்த பழைய செடிகள் எல்லாம் அப்படிப்பட்ட கலவைகள்தான். பின்னாடிதான் உபாசி ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் நல்ல செடியாகப் பார்த்துப் பொறுக்கி, நம்பர் போட்டு, குச்சியில் பெருக்கிக் கொடுத்தார்கள். நம்ம ஞள்ளாணி ஏலமும் அதே மாதிரி, ஒரு நல்ல தூரைப் பார்த்துப் பிரித்துப் பிரித்து வைத்ததுதான். அதனால் இங்கே சுற்றி இருக்கிற மலையெல்லாம் ஹைபிரிட் கேமீலியாதான். பூக்கத்தான் விடுவதில்லை. கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்து, நாலஞ்சு வருசத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டினால் எங்கே இருந்து பூக்கும்? பீருமேடு பக்கம் 2000-க்கு அப்புறம் பூட்டிப் போன எஸ்டேட்டுகளில் ஆள் இல்லாமல் தேயிலை மரமாகவே வளர்ந்து நிற்கிறது. அதில் போய்ப் பாருங்கள், வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் மகரந்தமுமாகக் கொத்துக் கொத்தாகப் பூ.

கேமீலியாவை நட்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டடிக்கு ரெண்டடி குழி. தோட்டத்து மேல்மண்ணும் மரத்தடி இலைமக்கும் சரிபாதி. செடி பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதைவிட ஒரு விரல் மேலேயே இருக்கணும், ஆழத்தில் இறக்கினால் தண்டு மூச்சு முட்டிப்போகும். வேர் மேலாப்பிலேயே ஓடும் என்பதால் மம்பட்டி கிட்டப் போகக்கூடாது, களையைக் கையால்தான் பிடுங்கணும். சருகை ரெண்டு மூணு அங்குலத்துக்குப் பரப்பி வைத்தால் களையும் வராது, ஈரமும் நிற்கும். தண்டை ஒட்டி மட்டும் சருகு வேண்டாம். நிழல் பாதி, வெயில் பாதி. ஏலத்துக்கு விடுகிற அளவு நிழல் விட்டால் இலை பச்சையாக இருக்கும், பூ வராது. காலை வெயில் நேராக முகத்தில் அடிக்காத இடம் நல்லது. ராத்திரிப் பனியில் நனைந்த பூவில் திடீரென்று வெயில் பட்டால் இதழ் வெந்துபோகும்.

மூணு வருசம் சொன்ன பேச்சுக் கேட்டது. 2021 தை மாதம் முதல் பூ, நாலே நாலு. அடுத்த வருசம் முப்பது. அப்புறம் 2022 மழைக்காலம் முடிகிறபோது இலை வெளுக்க ஆரம்பித்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சள். புதுத் தளிர் வெள்ளையாகவே வந்தது. உரக்கடையில் காட்டினால் ஒரு பாட்டில் கொடுத்தார்கள், நுண்ணூட்டமாம். தெளித்தேன். ஒரு மாதம் கழித்து இன்னொரு பாட்டில். செடி கேட்கவில்லை.

அம்மா ஒருநாள் செடியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பக்கத்துல என்னத்தக் கொட்டுனாங்க?" என்று கேட்டார்கள். அந்த வருசம் ஏலக்காய் ஸ்டோருக்கு முன்னாடி களம் போட்டோம். வேலை முடிந்து போகும்போது கொத்தனார் ஆட்கள் மிச்சக் கலவையையும் சட்டி கழுவின தண்ணியையும் செடிக்கு மேல்பக்கமாகக் கொட்டியிருக்கிறார்கள். மேலே மண் மூடிக் கிடந்தது. தோண்டினால் சிமெண்டுக் கட்டி. மழை பெய்யப் பெய்ய அதிலிருந்த சுண்ணாம்பு இறங்கி இறங்கி வேருக்கு வந்திருக்கிறது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"லயம் இருந்த எடத்துல தேயிலை இப்படித்தான்டா வெளுக்கும்."

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லணும். தேயிலைக் குடும்பத்துக்கே புளித்த மண்தான் வேணும். கார அமில அளவு நாலரையில் இருந்து ஐந்தரைக்குள் இருந்தால் நல்லா வரும். மத்த பயிர்களுக்கு விசமாகிற அலுமினியத்தை இது வாங்கி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மண்ணில் சுண்ணாம்போ சாம்பலோ ஏறினால் போச்சு. மண்ணில் இரும்புச் சத்து இருக்கும், ஆனால் வேரால் எடுக்க முடியாது. பழைய லயத்தை இடித்துவிட்டு அந்த இடத்திலும் தேயிலை வைப்பார்கள். வராது. எத்தனையோ வருசமாக எத்தனையோ குடும்பம் விறகடுப்பு எரித்து, சாம்பலை வாசலில் கொட்டி, பாத்திரம் விளக்கின இடம் அது. அந்தச் சாம்பல் மண்ணுக்குள் அப்படியே இருக்கும். சுற்றிலும் பச்சையாகத் தோட்டம் நிற்க, லயம் இருந்த அளவுக்கு மட்டும் நீளமாக ஒரு சொட்டை தெரியும். தேயிலை ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இது தெரிந்த விசயம்தான். அந்த இடத்துக்குக் கந்தகம் போடணும், மண்ணைச் சோதித்துப் பார்த்துத்தான் நடணும் என்பார்கள்.

அம்மாவுக்கு இது புத்தகத்தில் வந்ததல்ல. வேலையில் இருந்து ஓய்வு கொடுத்ததும் எங்க வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். எந்த எஸ்டேட் என்று எழுதப் போவதில்லை. எல்லா இடத்திலும் நடைமுறை அதுதான், வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. நான் பிறந்த வீடு. முப்பத்தோரு வருசம் வேலை பார்த்ததற்கு அம்மா கையில் வந்த பணத்தோடு போடிக்கு இறங்கினோம். அந்த லயத்தை அப்புறம் இடித்துவிட்டார்கள். அங்கே தேயிலை வைத்ததையும், அது வெளுத்துப்போய் நின்றதையும் மேலே இருக்கிற அவர்களுடைய சிநேகிதி சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். "நாம இருந்த வீட்டுல மட்டும் இன்னும் ஒண்ணும் முளைக்கலையாம்" என்று அன்றைக்குச் சொன்னபோது அவர்கள் குரலில் வருத்தம் இருந்ததா, வேற எதுவுமா என்று எனக்குப் புரியவில்லை. சிரித்த மாதிரியும் இருந்தது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். சிமெண்டுக் கட்டியை எல்லாம் பொறுக்கி எடுத்தோம். மேல்பக்க மண்ணை ஒரு அடி ஆழத்துக்கு வழித்து வெளியே போட்டு, சரிவான அந்தப் பக்கம் சின்ன வாய்க்கால் வெட்டித் தண்ணியைத் திருப்பிவிட்டேன். ரெண்டு கைப்பிடி கந்தகத் தூளைச் செடியைச் சுற்றித் தூவி, காட்டு இலைமக்கால் மூடினோம். கந்தகம் மெதுவாகத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் தாக்குப்பிடிக்க அன்னபேதி உப்பைத் தண்ணியில் ரொம்ப லேசாகக் கரைத்து, பதினைந்து நாளைக்கு ஒருதரம் இலையில் தெளித்தேன். நாலு மாதத்தில் புதுத் தளிர் பச்சையாக வந்தது. பழைய மஞ்சள் இலை பச்சையாகவில்லை, உதிர்ந்துதான் போனது. அந்த வருசம் ஒரு பூகூட இல்லை.

அடுப்புச் சாம்பல், டோலமைட், சுண்ணாம்பு என்று ஏலத்துக்கு எது நல்லதோ அதெல்லாம் இதுக்கு ஆகாது என்பதை எங்க தோட்டத்து ஆட்களுக்குப் புரிய வைக்கவே ஒரு வருசம் ஆனது. போர்டோ அடிக்கிற அன்றைக்கு மீதிக் கலவையை இதன் தூரில் ஊற்றினால் அம்மா கம்பை எடுத்துவிடுவார்கள். போடியில் இருக்கிற மச்சான் ஒருத்தர் ஆசைப்பட்டு ஒரு பதியன் வாங்கிப்போய்த் தொட்டியில் வைத்தார். கீழே போர்த் தண்ணி, கெட்டிலில் வெள்ளையாகப் படிகிற தண்ணி. சூடும் சேர்ந்துகொண்டது. ரெண்டு கோடைக்குள் போய்விட்டது. கேமீலியா வேணுமென்றால் மழைத் தண்ணியும் மலையும் வேணும், வேற வழியில்லை.

பூச்சியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வறட்சியில் செஞ்சிலந்தி வரும், இலைக்கு அடியில் தண்ணியைப் பீய்ச்சினால் குறையும். செதில் பூச்சி வந்தால் கரும்பூசணம் படியும், துணியில் வேப்பெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

2024 கோடையைத்தான் மறக்க முடியாது. ஏலம் வைத்திருக்கிறவர்கள் யாருக்கும் அதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் ரெண்டு மாதமும் வானம் மூஞ்சியைக்கூடக் காட்டவில்லை. உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், பூப்பாறை, எங்கே பார்த்தாலும் தட்டை நின்ற வாக்கிலேயே காய்ந்தது. எங்க படுதாக்குளத்தில் ஏப்ரல் நடுவில் முழங்கால் தண்ணி. ஏலத்துக்கு முறை வைத்து, தூருக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் பண்ணி விட்டுக்கொண்டிருந்தோம். ஒரு குடம் எடுத்துப் பூச்செடிக்கு ஊற்றினால் அது ஒரு ஏலத்தூருடைய உசிர். என் வீட்டுக்காரி நேராகவே கேட்டார்.

"ஏங்க, மக காலேஜ் பீஸு அந்தத் தட்டையிலதான் நிக்குது. பூவுக்கா ஊத்தப் போறீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. கேள்வி நியாயமானது. கேமீலியா குளிர்காலத்தில் பூத்தாலும் மொட்டுக்குக் கண் பிடிக்கிறது அதற்கு முந்தின கோடையில்தான். வெயில் காலத்துத் தளிர் முற்றுகிறபோதே நுனியில் முடிவாகிவிடும், இது இலையா பூவா என்று. அப்போது வேர் காய்ந்தால் அந்த வருசம் அவ்வளவுதான், காய்ச்சல் கூடினால் செடியே போகும். நான் குளத்துத் தண்ணியைத் தொடவில்லை. ஏலத்துக்கே விட்டேன்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார்கள். அரிசி கழுவின தண்ணி, பருப்பு ஊறவைத்த தண்ணி, காய்கறி அலசின தண்ணி எல்லாம் ஒரு வாளியில் சேரும். சோப்புத் தண்ணி மட்டும் அதில் விழக்கூடாது, "அதுவும் சாம்பல் மாதிரிதான்" என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சருகை ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மறுபடி மூடி வைப்பார்கள். என் வீட்டுக்காரியும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததோடு அரிசியை ஒருதரம் கூடுதலாகக் கழுவின மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. மே மாதம் பாதிக்கு மேல் மழை இறங்கியது. அதற்குள் எங்க ஏலத்தில் மூணில் ஒரு பங்கு போய்விட்டது. கேமீலியாவில் கீழ்க்கிளை ரெண்டு காய்ந்தது, மற்றது நின்றது. அந்த மார்கழியில் பதினேழு மொட்டு கட்டி, பதினொன்று விரிந்தது. என் மகள்தான் எண்ணினாள்.

கவாத்து விசயத்தில்தான் எனக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் வரும். பூத்து முடித்த உடனே, மாசி, பங்குனிக்குள் வெட்டிவிடணும். அப்புறம் கத்திரியை எடுத்தால் அடுத்த வருசத்துப் பூவைத்தான் வெட்டுகிறோம். ஆனால் அம்மாவுக்குச் செடிப் பக்கம் போனாலே கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே நிற்பார்கள், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிவிடும். கிள்ளினதைத் தோளுக்குப் பின்னால் கூடை இருக்கிற மாதிரி ஒரு வீச்சு. அப்புறம்தான் நெனப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். சித்திரைக்கு முன்னாடி கிள்ளினால் நல்லதுதான், பக்கக்கிளை வெடித்துச் செடி அடர்த்தியாகும். எங்க செடி குடை மாதிரி இருப்பதற்குக் காரணமே அந்தக் கிள்ளல்தான். ஆனியில் கிள்ளினால்தான் எனக்குக் கோபம் வரும்.

போன வருசம் மழைக்காலத்தில் குச்சி வைத்தோம். அதுவும் முழுக்க அவர்கள் சொன்னபடி, எஸ்டேட் நர்சரியில் செய்கிற மாதிரியே. பாதி முற்றின கிளை, பச்சையும் வேண்டாம் மரமும் வேண்டாம். ஒரு கணு, ஒரு இலை, கீழே மூணு விரற்கடை தண்டு, சரிவாக வெட்டு. மேலே இலைமக்கு கலந்த மண், கீழே குழி தோண்டி எடுத்த எருவில்லாச் சிவப்பு மண், குச்சி நிற்பது அந்தச் சிவப்பு மண்ணில்தான் என்று நான் நெனைத்திருந்தது தலைகீழ். சிவப்பு மண் மேலே, மக்கு மண் அடியில். குச்சி எருவில்லாத மண்ணில் வேர் விட்டு அப்புறம்தான் சாப்பாட்டைத் தேடி இறங்கணுமாம். பையை வரிசையாக வைத்து, மூங்கில் வளைத்து, மேலே பாலித்தீன் மூடி, நிழலில் வைத்தோம். மூணு மாதம் திறக்கவே கூடாது என்று அம்மா காவல். இருபத்திநாலு வைத்ததில் பதினைந்து வேர் பிடித்தது.

அதில் ரெண்டு என் மகளுக்கு. நாலஞ்சு பக்கத்துத் தோட்டக்காரர்கள் கேட்டு வாங்கிப்போனார்கள், விலை என்ன என்று ஒருத்தர் மறுபடியும் கேட்டார். இருக்கிறதிலேயே திடமான ஒன்றை அம்மா எடுத்து வைத்துவிட்டார்கள். அது மேலே லயத்தில் இன்னும் வேலை பார்க்கிற மகனோடு இருக்கிற அந்தச் சிநேகிதிக்கு. அந்தப் பக்கம் போகிற ஜீப்பில் போன வாரம் கொடுத்துவிட்டோம். பிஸ்கட் தகரத்தில் அடியில் நாலு ஓட்டை போட்டு, எங்க தோட்டத்து மண்ணையே நிரப்பி, மூடைக்கு நடுவில் சாயாமல் வைத்தேன். டிரைவர் வண்டியை எடுக்கிறபோது அம்மா ஜன்னலைத் தட்டிச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்:

"தகரத்தோடயே வச்சுக்கச் சொல்லுப்பா. வாசல் மண்ணுல இறக்க வேண்டாம்னு சொல்லு. ஏன்னு அவளுக்குத் தெரியும்."